கீழே வைத்த காப்பி

ஷரீபாவுக்கு எரிச்சல் வராத நாள் என்று அந்த வருஷத்தில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. காலையில் குழாயில் தண்ணீர் வராதது, கீழ்த்தளத்துப் பாத்திரக் கடைக்காரர் மாடிப்படியில் அண்டாக்களை அடுக்கி வைப்பது, நைட்டி வாங்கியவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்று கதவைச் சாத்துவது, இவையெல்லாம் பழகிப்போன எரிச்சல்கள். புதிதாக வந்து சேர்ந்த எரிச்சலுக்கு நசுருதீன் என்று பெயர். அவள் கணவர்.

திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் அவர்கள் வீடு. ஷரீபா செய்வது நைட்டி வியாபாரம். மொத்தக் கடையில் கட்டாக எடுத்து, பெரிய பையில் திணித்துக்கொண்டு, பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவாள். உத்திர வீதி, சித்திரை வீதி என்று வீடு வீடாக ஏறி இறங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் ஊரில் இருந்ததைவிட இல்லாமல் இருந்ததுதான் அதிகம். மகள் தஹ்ஸீனைப் பெற்றதும், படிக்க வைத்து லேப் வேலையில் சேர்த்ததும், மாமியாரைக் கடைசிவரை பார்த்ததும், மழை ஒழுகிய கூரையைச் சரிசெய்ததும் அவள் ஒருத்திதான். கணவர் லீவில் வருவார், பேரீச்சம்பழம் கொடுப்பார், போய்விடுவார்.

நசுருதீனின் வேலை என்னவென்று கேட்டால் சொல்வதற்கே அவளுக்குச் சங்கடமாக இருக்கும். சவூதியின் வடக்கே, பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊரில், பதூயின் என்ற நாடோடி இனத்துக் குலத்தலைவர் ஒருவரின் வீட்டில் அவர் காப்பி ஊற்றினார். அவ்வளவுதான் வேலை. ஆண்கள் கூடி உட்காரும் கூடத்தை அங்கே மஜ்லிஸ் என்பார்கள். அதில் கல்யாணம் பேச வருவார்கள், சண்டை தீர்க்க வருவார்கள், ஒன்றும் இல்லாமலும் வருவார்கள். யார் வந்தாலும் முதலில் காப்பி. இடது கையில் கூஜா, வலது கையில் கைப்பிடி இல்லாத சிறு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். போதும் என்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை, கிண்ணத்தை லேசாக ஆட்டினால் போதும். இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்ததில் நசுருதீன் அந்தக் குலத்து வழக்கங்களின் மேல் காதலே கொண்டுவிட்டார். போனில் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "இன்னைக்கு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு பாரு" என்று ஆரம்பித்துவிடுவார். சார்ஜ் தீரும் வரை பேசுவார். தஹ்ஸீனின் பரீட்சை அப்படியே நிற்கும்.

அந்த வேலைதான் அவரை ஒரு நாள் நடக்க முடியாதவராக்கி ஊருக்கு அனுப்பியது. குலத்தலைவர் ஹாலித்தின் தம்பி மகன் ஓட்டிய வண்டி மோதி, இடுப்பும் வலது தொடையும் நொறுங்கிப்போயின. அங்கேயே ஆபரேஷன் நடந்தது. செலவில் அந்த வீட்டார் ஒரு குறையும் வைக்கவில்லை. விமானத்தில் படுக்கை போட்டு அனுப்பினார்கள். வேலையாள் கவனிக்காமல் வண்டிக்குக் குறுக்கே ஓடிவந்துவிட்டார் என்றுதான் போலீஸிடம் சொல்லப்பட்டது. நசுருதீனும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தார்.

நடந்தது அதுவல்ல. ஊருக்கு வந்த முதல் வாரத்தில், மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஷரீபாவிடம் மட்டும் சொன்னார். பாலைவனத்தில் போட்டிருந்த விருந்துக் கூடாரத்துக்குப் பின்னால், காப்பி மண்டியைக் கொட்டுவதற்காகப் போய் நின்றிருக்கிறார். புது வண்டி வாங்கிய அந்த இளைஞன், சிநேகிதர்களுக்கு வித்தை காட்ட மணலில் வண்டியைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டியிருக்கிறான். வண்டிதான் வழுக்கிக்கொண்டு இவர் மேல் வந்திருக்கிறது.

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"சின்னப் பையன். ஜெயில்ல போட்டுருவாங்க. சோறு போட்ட வீடு, ஷரீபா. யார்கிட்டயும் சொல்லிக்காத."

அவள் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் நோயாளியைப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "பாத்துப் போகக் கூடாதா?" என்றார்கள். கணவரின் அண்ணன் ஷேக் தாவூது இதில் எல்லாருக்கும் முன்னால் நின்றார். "சின்ன வயசுலயே இவன் இப்படித்தாம்மா. தெப்பக்குளத்துப் பக்கம் சைக்கிள்ள போயி மாட்டு மேல மோதினவன். ஞாபகம் எங்கயோ இருக்கும். அந்தப் பணக்காரங்க நல்லவங்க, பாத்துக்கிட்டாங்க. வேற எடமா இருந்தா நம்ம மேலயில்ல கேஸ் போட்டிருப்பான்."

ஷரீபா பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள். உள்ளே இருந்து நசுருதீன், "அண்ணனுக்கு இன்னொரு டீ குடும்மா" என்பார். தூக்கி உட்கார வைப்பதும், பாத்ரூமுக்கு அழைத்துப் போவதும், உடம்பு துடைத்துவிடுவதும் அவள். வாரம் இரண்டு தடவை ஆட்டோ பிடித்து மன்னார்புரம் பக்கத்தில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவதும் அவள். நைட்டிக்குப் போகும் நாள் பாதியாகக் குறைந்தது. வாக்கரைப் பிடித்து அவர் நாலு அடி வைத்த அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அவர், "அங்க ஒட்டகத்துக்குக் கால் ஒடிஞ்சா என்ன பண்ணுவாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்ததில் அந்தச் சந்தோஷமும் போயிற்று.

இப்படி ஒரு வருஷம் கழிந்த பிறகு ஹாலித்திடமிருந்து போன் வந்தது. பேசி முடித்த நசுருதீனின் முகம் பெருநாள் பிறை பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டது.

"வர்றாங்க ஷரீபா! இங்க, நம்ம வீட்டுக்கு!"

"யாரு?"

"ஹாலித், அவரு தம்பி, குலத்துப் பெரியவங்க எல்லாம். மன்னிப்புக் கேட்டுத் தூது. ஜாஹான்னு சொல்லுவாங்க. இங்க பாரு, ஒருத்தனுக்குக் காயம் பட்டாலோ உசிரு போனாலோ, பண்ணினவன் குடும்பத்துப் பெரியவங்க திரண்டு பட்டவன் வீட்டுக்கு வருவாங்க. காப்பி கொடுப்போம். குடிக்க மாட்டாங்க. கிண்ணத்தைக் கீழ வச்சிருவாங்க. என்ன வேணும்னு நாம கேக்கணும். மன்னிப்பு வேணும்பாங்க. 'குடிங்க, நீங்க கேட்டு வந்தது உங்களுக்கு உண்டு'ன்னு நாம சொல்லணும். அப்புறம்தான் குடிப்பாங்க. எத்தனை தடவை நான் நின்னு ஊத்தியிருக்கேன்! காப்பி ஊத்துறவன் வீட்டுக்கு ஜாஹா வந்ததா அந்தப் பக்கம் யாருமே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க."

"ஒரு வருஷம் கழிச்சா?"

"அதுக்கெல்லாம் நேரம் இருக்கு. பட்டவன் மனசு ஆறணும்ல?"

"பட்டவனுக்கு ஆறிடுச்சு" என்று ஷரீபா சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் அதற்குள் ஆள் கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்ததை ஷரீபா யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் காப்பிக்கொட்டை. நம் ஊர்க் காப்பி ஆகாது. கொட்டையை மஞ்சளாகும் அளவுக்குத்தான் வறுக்க வேண்டும், ஏலக்காயை அள்ளிப் போட வேண்டும், பால் கூடாது, சர்க்கரை கூடாது. ஸ்ரீரங்கத்தில் காப்பித்தூள் அரைத்துத் தருகிற கடைக்காரர் மஞ்சளில் நிறுத்த மறுத்துவிட்டார். "இது வேகலம்மா. இப்படிக் கொடுத்தா என் கடைப் பேரு என்னாகும்?" என்றார். மொழிபெயர்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்த சௌரிராஜன்தான் பேசிச் சமாதானம் செய்தார். அவர் சித்திரை வீதிக்காரர். ஹாலித்தின் பேரீச்சம்பழக் கம்பெனியில் எட்டு வருஷம் கணக்கு எழுதியவர். அங்கே நசுருதீனுக்கு ஒரே தமிழ்த் துணை. ஷரீபாவுக்கு ஸ்ரீரங்கத்து வாடிக்கைகளைப் பிடித்துக் கொடுத்ததும் அவர் மனைவி செண்பகவல்லிதான்.

வறுத்ததை மோந்து பார்த்துவிட்டு சௌரிராஜன் சொன்னார்: "இதைக் காபின்னு சொன்னா பெருமாளே பொறுக்க மாட்டார். எட்டு வருஷம் குடிச்சிண்டு இருந்தேன், என்ன பண்றது. நான் வந்து பேசிக் கொடுக்கறேன்மா. சாப்பிடச் சொல்லி மட்டும் கட்டாயப்படுத்தப்படாது."

அடுத்தது ஆடு. வழக்கப்படி ஆடும் அரிசியும் மன்னிப்புக் கேட்டு வருகிறவர்களுடையது, பட்டவன் வீட்டில் வைத்து ஊருக்குச் சமைத்துப் போட வேண்டும் என்றார் நசுருதீன்.

"ஆட்டை ஃபிளைட்லயா கூட்டிட்டு வருவாங்க?" என்று தஹ்ஸீன் கேட்டாள்.

ஹாலித் சொல்ல, அவர்கள் சார்பில் ஷேக் தாவூது திருவெள்ளறைப் பக்கம் போய் இரண்டு கிடாய்களை ஓட்டிவந்தார். அண்டாக்களுக்கு நடுவே அவற்றைப் படியேற்றி, மொட்டை மாடியில் கட்டினார். ஷரீபா சாயங்காலம் மாடிக்குப் போனபோது, விற்பதற்காக அடுக்கியிருந்த கட்டு ஒன்று சரிந்து கிடந்தது. ஒரு கிடாய் பூப்போட்ட நைட்டியின் கழுத்துப் பட்டியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அவள் கீழே வந்து, கிழிந்த நைட்டியைக் கணவர் மடியில் போட்டாள். "இதுக்கு யாரு மன்னிப்புக் கேட்டு வருவாங்க? அதையும் உங்க வழக்கத்துல பாத்துச் சொல்லுங்க."

"கோவப்படாதம்மா" என்றார் நசுருதீன், மனசார. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவளை உண்மையில் அறுத்துக்கொண்டிருந்தது காப்பியும் ஆடும் இல்லை. இத்தனை ஏற்பாட்டிலும் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிக்கலாமா என்று கேட்க வேண்டாம். உனக்கு எப்படி இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம். அவர்கள் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள் என்று ஒரு தடவை அவளே கேட்டாள்.

"அல்லாவோட நாட்டம், நடந்தது நடந்துருச்சு, பெரிய மனசு பண்ணுங்கன்னு சொல்லுவாங்க."

"யாரு மேல தப்புன்னு சொல்ல மாட்டாங்களா?"

நசுருதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? வீடு தேடி வர்றாங்க, அதுவே போதாதா?"

அந்த நாள் வந்தது. மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, வாடகை ஜமுக்காளமும் திண்டுகளும் விரித்திருந்தார்கள். பின்னால் மலைக்கோட்டை தெரிந்தது. வெள்ளை அங்கியும் தலையில் துணியும், துணியைப் பிடித்து நிற்கும் கறுப்புக் கயிற்று வளையமுமாக ஏழெட்டுப் பேர் சந்துக்குள் நடந்து வந்தபோது, பாத்திரக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹாலித்துக்கு எழுபது வயதிருக்கும். அண்டாக்களைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை படிகளும் ஏறினார். மாடிக்கு நாற்காலியோடு தூக்கிவந்து உட்கார வைத்திருந்த நசுருதீன் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க முயன்றதைக் கண்டதும் வேகமாக வந்து, தோளை அழுத்தி உட்கார வைத்து, நெற்றியில் முத்தமிட்டார். நசுருதீன் அழுதுவிட்டார். படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் மகளோடு நின்றிருந்த ஷரீபாவும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். அப்படித் துடைக்க வேண்டி வந்ததே அவளுக்குக் கோபமாக இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் விருந்தாளிகள், எதிரே நசுருதீனும் உறவுக்காரர்களும், நடுவில் விபூதிப் பக்கமே போகாத பளிச்சென்ற திருமண்ணோடு சௌரிராஜன். காப்பி ஊற்றும் பொறுப்பை நசுருதீன் அண்ணனிடம் கொடுத்து நாலு நாளாகப் பயிற்சி கொடுத்திருந்தார். ஷேக் தாவூது கூஜாவைச் சரியான கையில்தான் பிடித்தார். ஆனால் திருச்சிக்காரருக்கு அரைக் கிண்ணம் ஊற்றக் கை வரவில்லை. விளிம்பு வரை ஊற்றி, வழிய வழியக் கொடுத்தார்.

"அண்ணே, நிறைய ஊத்தாதீங்க. போகச் சொல்றதா ஆயிரும்" என்று நசுருதீன் பல்லுக்குள் சொன்னார்.

"சும்மா இருப்பா. இவ்வளவு தூரம் வந்தவங்களுக்குக் கஞ்சத்தனமா?"

ஹாலித் கிண்ணத்தை வாங்கி, உதட்டருகே கொண்டுபோகாமல், தன் முன்னால் தரையில் வைத்தார். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள். ஷேக் தாவூதுக்கு வழக்கம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தாலும், விருந்தாளி குடிக்காமல் வைப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. "குடிங்க, குடிங்க, சூடா இருக்கு" என்று கையால் வாய்ப்பக்கம் காட்டிக் காட்டி வற்புறுத்தினார். விருந்தாளிகள் சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள். நசுருதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஒருவழியாக அமைதி வந்தது. ஹாலித் பேசினார். சௌரிராஜன் தமிழில் சொன்னார்: "இறைவனோட விருப்பப்படி ஒரு காரியம் நடந்துடுத்து. விதி யாரையும் விடறதில்லை. நசுருதீன் எங்களுக்குப் பிள்ளை மாதிரி. எங்க மேல எந்த வருத்தமும் இல்லைன்னு அவர் வாயால சொல்லணும்னு கேட்டுண்டு வந்திருக்கோம்."

ஷேக் தாவூது உருகிப்போனார். "பாத்தியாப்பா! தப்பு உன் மேல இருந்தும் உன்னைத் தேடி வந்து கேக்குறாங்க. என்ன பெருந்தன்மை! சொல்லு, குடிங்கன்னு சொல்லு."

நசுருதீன் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க."

ஷரீபா கதவைத் தாண்டி வெளியே வந்திருந்தாள். அவள் அதைத் திட்டமிடவில்லை. 'தப்பு உன் மேல இருந்தும்' என்ற சொல் காதில் விழுந்தபோது கால் நகர்ந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சௌரிராஜனைப் பார்த்து நின்றாள். விருந்தாளிகள் மரியாதைக்காகப் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார்கள்.

"சார், நான் சொல்றதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு குறுக்க ஓடலை. கூடாரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தாரு. உங்க வீட்டுப் பையன் வண்டியைச் சுத்தி வித்தை காட்டினான். அவன் ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னு இவரு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாரு. இந்த ஒரு வருஷமா எங்க சொந்தமே இவரைக் கவனமில்லாதவன்னு பேசுது. விதின்னு சொன்னா எனக்குப் புரியலை. வண்டியை விதியா ஓட்டுச்சு? நடந்ததை நடந்த மாதிரி சொல்லிட்டு அப்புறம் காப்பி குடிக்கச் சொல்லுங்க."

கீழே யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கும் ஓசை மட்டும் கேட்டது. சௌரிராஜனுக்கு வியர்த்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு அரபியில் பேசினார். நீளமாக, மெதுவாக, கைகூப்பி எல்லாம் பேசினார். முடித்தபோது ஹாலித் மென்மையாகத் தலையசைத்து, நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னார்.

"அவரும் ரொம்ப வருத்தப்படறார்மா" என்றார் சௌரிராஜன்.

ஷரீபா கணவரைப் பார்த்தாள். அங்கிருந்த தமிழர்களில் அரபி தெரிந்தவர்கள் இரண்டே பேர். நசுருதீன் தரையில் வரிசையாக இருந்த கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கனவு கண்ட சபை. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும், அது அழகாக முடிந்துவிடும்.

பிறகு, "சார், அவ கேட்டது அது இல்லீங்களே" என்றார்.

"நசுருதீன், வேண்டாம். நல்ல காரியம் நடக்கற எடத்துல..."

"கஷ்டமான நாளெல்லாம் அவதான் பாத்தா சார். ஹாலித் வருத்தப்படுறாருன்னு மட்டும் கேட்டா அவளுக்குப் போதுமா? அவ சொன்னதை நீங்க அரபியில வரவேற்பு மாதிரி மாத்திச் சொல்லிட்டீங்க."

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஹாலித்தைப் பார்த்து, அரபியில் அவரே சொன்னார். அதிகம் சொல்லவில்லை. கூடாரம் இருந்த திசையைக் கையால் காட்டினார். காப்பி மண்டியைக் கொட்டுகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பினார். வண்டி சுழன்றதை விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். ஷரீபாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் எல்லாம் புரிந்தது.

ஹாலித்தின் முகம் மாறியது. அவர் நசுருதீனிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த தம்பியின் பக்கம் திரும்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். வண்டி ஓட்டியவனின் தகப்பன் அவர்தான். அவர் தன் முன்னால் இருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார். ஹாலித் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். தம்பி தலையை மேலும் கீழும் அசைத்தார்.

கிழவர் எழுந்தார். தலையில் இருந்த கறுப்புக் கயிற்று வளையத்தைக் கழற்றி, நசுருதீனின் காலடியில் வைத்தார். தன் மானத்தையே காலடியில் வைப்பது அது என்பது அந்த வீட்டாரில் நசுருதீனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் பதறிக் குனிந்து எடுக்கப் பார்த்தார், இடுப்பு வளையவில்லை. ஹாலித் நின்றபடியே, சபை முழுக்கக் கேட்கும் குரலில் பேசினார். இந்தத் தடவை சௌரிராஜன் ஒவ்வொரு வாக்கியமாக, அவர் குரலின் அளவுக்கே குரலை உயர்த்தித் தமிழில் சொன்னார்.

"எங்க பையன் பண்ணினது. நீ ஓடலை. நீ நின்ன எடத்துல நின்னே. எங்ககிட்ட பொய் சொல்லப்பட்டது, அதை நான் விசாரிக்காம நம்பினேன். உன்னை ஒரு வருஷம் பொய்யனாவும் கவனமில்லாதவனாவும் ஆக்கினோம். தப்பான வார்த்தையைச் சொல்லிண்டு உன் வீட்டுக்குள்ள வந்துட்டோம். அந்த வார்த்தைக்கு ஊத்தின காபியை இனிமே நாங்க குடிக்கறதுக்கில்லை."

சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தை எடுத்து, மாடியின் ஓரத்துத் தண்ணீர்க் குழாயடியில் கொட்டினார். மற்றவர்களும் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள், ஆரம்பத்திலிருந்து.

ஷரீபா கணவர் பக்கம் குனிந்தாள். "என்னங்க இது?"

"புதுசா காப்பி போடணும்" என்றார் நசுருதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரியா கேட்டுட்டாங்கல்ல, சரியா கொடுக்கணும்."

"மறுபடியும் அந்த மஞ்சத் தண்ணியையா?"

என்றாலும் போனாள். அடுப்படியில் நின்று ஏலக்காயைத் தட்டினாள். தஹ்ஸீன் பின்னால் வந்து கட்டிக்கொண்டாள். "ம்மா, செம" என்றாள். "பால் பாத்திரத்தை நகத்து" என்றாள் ஷரீபா.

இரண்டாவது தடவை காப்பியை தாவூது ஊற்றவில்லை. அவர் கூட்டத்தின் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தார். நசுருதீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, தஹ்ஸீன் நகர்த்திக் கொடுத்த தட்டிலிருந்து, கிண்ணம் கிண்ணமாக, அடியில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். கிண்ணங்கள் தரையில் வைக்கப்பட்டன. ஹாலித் கேட்டார். நசுருதீன் பதில் சொல்லாமல் மனைவியைப் பார்த்தார்.

ஷரீபாவுக்கு அப்போதும் எரிச்சல்தான் முன்னால் வந்தது. "என்னை ஏன் பாக்குறீங்க? உங்க மனசு எப்பவோ ஆறிடுச்சு. சொல்லுங்க, காப்பி ஆறிப்போயிரும்."

நசுருதீன் அரபியில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். குடியுங்கள், நீங்கள் கேட்டு வந்தது உங்களுக்கு உண்டு. அவர்கள் கிண்ணங்களை எடுக்கக் கை நீட்டியபோது ஷரீபா, "சார், இன்னொண்ணு" என்றாள்.

சௌரிராஜன் பெருமூச்சு விட்டார். "சொல்லும்மா. அப்படியே சொல்றேன்."

"அவரு மன்னிச்சிட்டாரு. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவும் அவங்களுக்குத் தெரியணும்."

சௌரிராஜன் அப்படியே சொன்னார். கிழவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு, இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார்.

"அது உன் உரிமைங்கறார்மா."

அதன் பிறகு அவர்கள் குடித்தார்கள்.

சாப்பாடு சாயங்காலம் வரை நடந்தது. இரண்டு கிடாய்களும் சோற்றுத் தாம்பாளங்களில் முழுசாக வந்து இறங்கின. சந்தே வந்து சாப்பிட்டது. சௌரிராஜன் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, தாம்பாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கிளம்பும் முன் ஹாலித் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டி மாடிச் சுவரில் நட்டார். பெரிய மனது காட்டிய வீட்டுக்கு வெள்ளைக் கொடி ஏற்றுவது அவர்கள் வழக்கம். யார் பெயரால் ஏற்றுகிறார் என்பதை அவரே உரக்கச் சொன்னார். தாவூது உள்ளிட்ட எல்லாருக்கும் கேட்கும்படி சௌரிராஜன் அதைத் தமிழில் சொன்னபோது, ஷரீபா எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது தன் பெயரால்தான் என்பது தஹ்ஸீன் ஓடிவந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

கொடி அவளுக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. எந்தக் கட்சி என்று கேட்டு ஒரு கான்ஸ்டபிள் படியேறி வந்தார். பாத்திரக் கடைக்காரர், வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். துணி காயப்போடும் கயிற்றில் அது வந்து வந்து சுற்றிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் அதைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தாள். நசுருதீன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், வாக்கரை விட்டுக் கைத்தடியோடு கூடத்தில் நடந்து காட்டி, கோபம் மறந்து, அந்தக் குலத்தில் கைத்தடியை யார் யார் பிடிக்கலாம் என்று விளக்கத் தொடங்கினார்.

ஷேக் தாவூது பள்ளிவாசல் வாசலில் நின்று, "எனக்கு அன்னைக்கே தெரியும். என் தம்பி நின்ன எடத்துல நின்னவன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டாள். நேரில் வந்தபோது, "அப்ப அந்த மாடு மேல மோதினது யாரு மச்சான்?" என்று மட்டும் கேட்டாள். அவர் டீ குடிக்காமல் போய்விட்டார்.

வண்டி ஓட்டிய இளைஞன் போன் செய்தான். ஒரு தடவை அல்ல, பல தடவை. நசுருதீன் போனை அவளிடம் நீட்டுவார். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு அரபி தெரியாது. முதல் இரண்டு தடவை அவள் வாங்கவில்லை. மூன்றாவது தடவை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ தட்டுத்தடுமாறிச் சொன்னான், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி. அதில் 'அம்மா' என்ற சொல் ஒன்றுதான் விளங்கியது. அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொல்லட்டும்?" என்றார் நசுருதீன்.

"வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள், அந்த விருந்துக்குப் பிறகு முதல் தடவையாக, பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினாள். காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது, வெயில் முகத்தில் அடித்தது. செண்பகவல்லி மாமி அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பை இறங்குவதற்கு முன்பே, "ஷரீபா, உக்காரு. அந்தக் கிழவர் காபியைக் கொட்டினாராமே, ஆத்துல இவர் பாதிதான் சொன்னார். ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றாள்.

வருகிற வழியில் பூக்காரியிடம் சொல்லியாயிற்று, பஸ்ஸில் ஒருத்தியிடம் சொல்லியாயிற்று. ஷரீபா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையின் கட்டை அவிழ்த்தாள்.

"அப்புறம் சொல்றேன் மாமி. முதல்ல அளவைச் சொல்லுங்க. எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா?"